ஹாங்காங் போக எந்த மாதம் நல்லது? பெற்றோரோடும் பிள்ளையோடும் ஒரு வாரம்

பயணப்பிரியை எழுதியது:

வணக்கம். அப்பா, அம்மா, பத்து வயது மகன், கணவர், நான் என்று ஐந்து பேர் ஒரு வாரம் ஹாங்காங் போகலாம் என்று இருக்கிறோம். எங்கள் எல்லோருக்கும் சேர்ந்து லீவு அமையக்கூடிய காலம் நான்குதான்: மார்ச் கடைசி, ஜூன், அக்டோபர் முதல் வாரம், நவம்பர் கடைசி.

அம்மாவுக்கு முட்டிவலி. மெதுவாகத்தான் நடப்பார், ஆனால் நடக்கப் பிடிக்கும். அப்பாவுக்கு ஆஸ்துமா. பீக் (ஊரைப் பார்க்கும் விக்டோரியா மலை உச்சி), கேபிள் காரில் போய்ப் பெரிய புத்தர் சிலை, ஏதாவது ஒரு சின்னத் தீவு, மகனுக்காக டிஸ்னிலேண்ட், இவ்வளவுதான் ஆசை.

தேடிப் பார்த்தால் எல்லா இடத்திலும் "அக்டோபர் முதல் டிசம்பர் வரை சிறந்தது" என்று ஒரே வரி. ஏன் என்று யாரும் சொல்வதில்லை. மார்ச்சில் சராசரி 20 டிகிரிக்குப் பக்கம் என்று போட்டிருக்கிறது. அது நல்ல குளுமைதானே? அப்புறம் ஏன் மார்ச்சை யாரும் சொல்வதில்லை? போய் வந்தவர்களும் அங்கேயே இருப்பவர்களும் சொன்னால் உதவியாக இருக்கும்.

கவுலூன்வாசி எழுதியது:

நான் இங்கே குடியிருப்பவன். மார்ச்சைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வருபவர்களை அதிகம் ஏமாற்றும் மாதம் அதுதான்.

குளிர்காலம் முழுக்க வடக்கிலிருந்து வரும் வறண்ட வாடைக்காற்றில் கட்டடங்கள் குளிர்ந்து கிடக்கும். பிப்ரவரி கடைசியிலிருந்து காற்று திசை மாறத் தொடங்குகிறது. தென்சீனக் கடலிலிருந்து ஈரமான வெதுவெதுப்பான காற்று வந்து அந்தக் குளிர்ந்த சுவரிலும் தரையிலும் படும். உடனே நீர் கோத்துக்கொள்ளும். அடுக்குமாடிக் கட்டட வாசலில் "தரை வழுக்கும்" என்று பலகை வைப்பார்கள். துவைத்த துணி நாள் கணக்கில் காயாது. அலமாரிக்குள் தோல் செருப்பில் பூஞ்சை பிடிக்கும். வெப்பமானியில் 20 டிகிரி என்பது உண்மைதான், ஆனால் அந்த 20 டிகிரியில் வெயில் கிடையாது. மார்ச் மாதத்து மொத்த வெயில் நேரம் அக்டோபரில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதிதான்.

நீங்கள் பார்க்க நினைக்கும் இடங்களில் இரண்டு உயரமானவை. பீக் ட்ராம் போய் நிற்கும் இடமே கடல்மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 400 மீட்டர். புத்தர் சிலை இருக்கும் நொங் பிங்கும் மலை மேல்தான். மார்ச், ஏப்ரலில் கீழே தெரு தெளிவாக இருக்கும்போதே மேலே மேகம் இறங்கி உட்கார்ந்திருக்கும். கேபிள் கார் 5.7 கிலோமீட்டர், 25 நிமிடம் போகிறது. அந்த 25 நிமிடமும் நான்கு பக்கமும் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு போனவர்களை எனக்குத் தெரியும். சிலைக்கு 268 படி. ஈரப் படியில் முட்டிவலிக்காரரை ஏற்றாதீர்கள்.

அப்பாவுக்கு ஆஸ்துமா என்றால் பூஞ்சை வாடை இன்னொரு தொந்தரவு. உங்கள் பட்டியலிலிருந்து மார்ச்சை எடுத்துவிடுங்கள் என்பதுதான் என் கருத்து.

மலையேறி எழுதியது:

கவுலூன்வாசி சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். நவம்பர் கடைசி. யோசிக்கவே வேண்டாம்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

ஏன் என்று கேட்டிருக்கிறார்களே, அதற்குப் பதில் சொல்லலாம். ஹாங்காங் அரசின் வானிலை ஆய்வகம் 1883இல் தொடங்கியது. அதன் பதிவுகள் 1884இலிருந்து இருக்கின்றன, இரண்டாம் உலகப்போர் ஆண்டுகள் மட்டும் விடுபட்டிருக்கும். 1991 முதல் 2020 வரையிலான சராசரியை எடுத்துக்கொண்டால் வருடத்துக்குச் சுமார் 2,430 மி.மீ. மழை. அதில் ஐந்தில் நான்கு பங்கு மே முதல் செப்டம்பருக்குள் கொட்டிவிடுகிறது. ஜூன் ஒரு மாதத்தில் மட்டும் 490 மி.மீ.க்கு மேல். நவம்பரில் 40கூட இல்லை.

சராசரி வெப்பம் ஜனவரியில் 16.5 டிகிரி, ஜூலையில் 29 டிகிரிக்குச் சற்றே குறைவு, அக்டோபரில் 25 முதல் 26, நவம்பரில் 22, டிசம்பரில் 18. காற்றின் ஈரப்பதம் மார்ச், ஏப்ரலில் 80 சதவீதத்தைத் தாண்டி நிற்கும். நவம்பர், டிசம்பரில் 70ஐ ஒட்டி இருக்கும். வெப்பம், மழை, ஈரம் மூன்றும் ஒன்றாகத் தணிகிற காலம் அக்டோபர் பாதிக்கு மேல்தான் வருகிறது. "அக்டோபர் முதல் டிசம்பர்" என்று எல்லோரும் எழுதுவது அதனால்தான்.

இன்னொரு விஷயம். ஹாங்காங் கடக ரேகைக்குத் தெற்கே இருக்கிறது, சுமார் 22.3 டிகிரி வடக்கு. வரைபடத்தை மட்டும் பார்த்தால் வெப்பமண்டலம். கொல்கத்தாவும் ஏறக்குறைய அதே அட்சரேகைதான். ஆனால் இந்தியாவுக்கு வடக்கே இமயமலை சுவர் மாதிரி நின்று குளிர்காற்றைத் தடுக்கிறது. சீனாவின் கிழக்குப் பக்கத்தில் அப்படி ஒரு தடுப்பு இல்லை. மங்கோலியா, சைபீரியா பக்கத்துக் குளிர்காற்று தடையில்லாமல் தென்கடற்கரை வரை இறங்கி வருகிறது. அதனால்தான் அந்த ஊரின் தட்பவெப்பத்தைத் துணைவெப்பமண்டல வகையில் சேர்க்கிறார்கள். அட்சரேகையைப் பார்த்து "நம் ஊர் மாதிரிதான் இருக்கும்" என்று டிசம்பருக்கு ஸ்வெட்டர் எடுக்காமல் போகக்கூடாது.

புகைப்படக்காரன் எழுதியது:

எல்லோரும் நவம்பர் என்கிறார்கள், நான் கோடைக்காகப் பேசுகிறேன்.

குளிர்காலக் காற்று வறண்டது என்பது சரி. ஆனால் அது நிலப்பரப்பைக் கடந்து வருகிறது. வரும் வழியில் இருக்கும் தொழில் நகரங்களின் புகையையும் தூசியையும் சேர்த்துக்கொண்டுதான் வருகிறது. நவம்பர், டிசம்பரில் பீக்கில் ஏறி நின்றால் எதிரே கவுலூன் பக்கத்து மலைகள் சாம்பல் பூசியதுபோல் மங்கித் தெரியும் நாட்கள் உண்டு. கோடையில் காற்று தெற்கே கடலிலிருந்து வருகிறது. ஒரு நல்ல மழை அடித்து ஓய்ந்த மாலையில் அதே பீக்கிலிருந்து பாருங்கள், ஒவ்வொரு கட்டடத்தின் ஜன்னலும் எண்ணலாம்போல இருக்கும். நான் எடுத்ததில் நல்ல துறைமுகப் படங்கள் எல்லாம் ஜூன், ஜூலையில் எடுத்தவை. சூரியன் மறைய ஏழு மணியைத் தாண்டும், வேலை செய்ய வெளிச்சம் இருக்கும்.

அப்புறம் கடற்கரை. சாய் குங் பக்கத்து நீரும் மணலும் கோடையில்தான் அதற்குரிய அழகோடு இருக்கும். டிசம்பரில் போய்க் கடலில் இறங்க முடியுமா?

கடலோரக்காரி எழுதியது:

புகைப்படக்காரன் சொல்லும் அந்த மாலை வரும், நானும் பார்த்திருக்கிறேன். அது எந்த நாள் வரும் என்று யாருக்கும் தெரியாது என்பதுதான் பிரச்சினை. தனி ஆள் காமிராவோடு காத்திருக்கலாம். பெற்றோரையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ஒரு வாரத்துக்குப் போகிறவர் காத்திருக்க முடியாது.

மழை எச்சரிக்கை அங்கே மூன்று நிறம். ஒரு மணி நேரத்தில் 30 மி.மீ. என்றால் மஞ்சள், 50 என்றால் சிவப்பு, 70 என்றால் கறுப்பு. ஜூனில் மஞ்சள் எச்சரிக்கை யாரையும் திரும்பிப் பார்க்க வைக்காது, அவ்வளவு சாதாரணம். கறுப்பு வந்தால் இருக்கும் இடத்திலேயே இருக்கச் சொல்வார்கள்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

அதற்கு ஒரு அளவு சொல்கிறேன். 2023 செப்டம்பர் 7ஆம் தேதி இரவு 11 மணியிலிருந்து 12 மணிக்குள் ஆய்வகத் தலைமையகத்தில் 158.1 மி.மீ. பதிவானது. 1884இல் பதிவு தொடங்கியதிலிருந்து ஒரு மணி நேரத்தில் அவ்வளவு பெய்தது கிடையாது. நவம்பர், டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி நான்கு மாதமும் சேர்ந்து சராசரியாகப் பெய்வதே 140 மி.மீ. அளவுதான். நான்கு மாத மழையைவிட அதிகமாக ஒரு மணி நேரத்தில் கொட்டியிருக்கிறது. எம்.டி.ஆர். (மெட்ரோ ரயில்) நிலையத்துக்குள் வெள்ளம் புகுந்தது.

வெப்பம் இன்னொரு பக்கம். ஆய்வகத்தில் இதுவரை பதிவானதில் அதிகம் 2017 ஆகஸ்ட் 22 அன்று வந்த 36.6 டிகிரி. மறுநாள் ஹாட்டோ புயல் வந்தது, பத்தாம் எண் கூண்டு ஏற்றினார்கள். புயல் தள்ளி இருக்கும்போது அதன் வெளி ஓரத்தில் காற்று மேலிருந்து கீழே அமுங்கும். மேகம் கலையும், காற்று அசையாது, வெயில் சுடும், புகையும் கலையாமல் அப்படியே தேங்கும். ஆக "கோடையில் காற்று எப்போதும் தெளிவு" என்பதும் முழு உண்மை இல்லை.

பயணப்பிரியை எழுதியது:

இவ்வளவு விரிவாகச் சொல்வீர்கள் என்று நினைக்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. மார்ச்சை எடுத்துவிட்டேன். ஜூனும் வேண்டாம் என்று கணவர் சொல்லிவிட்டார்.

இப்போது அக்டோபர் முதல் வாரமா, நவம்பர் கடைசியா? அக்டோபர் முதல் வாரம் என்றால் மகனுக்குப் பள்ளி விடுமுறை, பாடம் விட்டுப்போகாது. நவம்பர் என்றால் பள்ளியில் அனுமதி வாங்க வேண்டும். அதோடு புயல் கூண்டு எண்கள் எனக்குப் புரியவில்லை. எட்டு, பத்து என்கிறார்களே, அக்டோபரிலும் வருமா?

கவுலூன்வாசி எழுதியது:

கூண்டு எண் 1, 3, 8, 9, 10 என்று போகும், நடுவில் உள்ள எண்கள் கிடையாது. 1 என்றால் புயல் தொலைவில் இருக்கிறது, ஊர் வழக்கம்போல் நடக்கும். 3 என்றால் பலத்த காற்று. மழலையர் பள்ளிகளை மூடுவார்கள், மற்றவர்கள் வேலைக்குப் போவார்கள். கேபிள் கார் மாதிரி காற்றுக்கு அஞ்சும் சேவைகள் அப்போதே நிற்கத் தொடங்கும். 8 தான் திருப்புமுனை. பள்ளி, அலுவலகம், பெரும்பாலான கடைகள் மூடப்படும். பேருந்தும் ஃபெர்ரியும் நிற்கும். எம்.டி.ஆர். குறைந்த எண்ணிக்கையில் ஓடும். 8 ஏற்றுவதற்குச் சுமார் இரண்டு மணி நேரம் முன்பே ஆய்வகம் அறிவித்துவிடும். அந்த நேரத்துக்குள் ஊரே வீடு திரும்பும், ரயிலில் கால் வைக்க இடம் இருக்காது. நீங்கள் தீவில் இருந்தால் அந்த அறிவிப்பு வரும்வரை காத்திருக்காதீர்கள், 3 ஏற்றியதுமே கடைசி ஃபெர்ரி எப்போது என்று கேட்டுக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

புயல் அதிகம் வருவது ஜூலை முதல் செப்டம்பர் வரை. பத்தாம் எண் ஏற்றியவை என்று பார்த்தால் 2018 செப்டம்பரில் மாங்குட், 2023 செப்டம்பர் முதல் நாள் சாவோலா, 2025 ஜூலையில் விபா, அதே வருடம் செப்டம்பரில் ரகாசா. ரகாசாவின்போது பல நூறு விமானங்கள் ரத்தாகின. அக்டோபரில் வாய்ப்பு குறைவு, ஆனால் இல்லை என்று சொல்ல முடியாது. 2024இல் டொராஜி புயலுக்கு நவம்பர் நடுவில் எட்டாம் எண் ஏற்றினார்கள். 1946க்குப் பிறகு வருடத்தில் அவ்வளவு பிந்தி எட்டு ஏற்றியது அதுதான் முதல் முறை. நவம்பர் கடைசிக்குள் அந்தக் கவலை பெரும்பாலும் ஓய்ந்துவிடும்.

ஆனால் அக்டோபர் முதல் வாரம் வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் வானிலை இல்லை, கூட்டம். அக்டோபர் 1 சீனாவின் தேசிய தினம். அன்றிலிருந்து ஒரு வாரம் அங்கே விடுமுறை, எல்லை தாண்டிப் பெருங்கூட்டம் வரும். சில வருடங்களில் நிலா விழாவும் அதை ஒட்டியே அமைந்துவிடும். கேபிள் காருக்கும் பீக் ட்ராமுக்கும் நிற்கும் வரிசையைப் பார்த்தால் உங்கள் அம்மாவை எங்கே உட்கார வைப்பது என்று தெரியாமல் தவிப்பீர்கள். ஓட்டல் வாடகையும் ஏறும்.

குடும்பத்தலைவி எழுதியது:

இதைத்தான் சொல்ல வந்தேன். எங்கள் பயணத்தில் வெயிலும் மழையும் ஒன்றும் செய்யவில்லை, வரிசைதான் மாமியாரைப் படுத்தியது. வயதானவர்களோடு போகிறவர்கள் முதலில் அந்த ஊரின் விடுமுறைப் பட்டியலைப் பாருங்கள், அப்புறம் வெப்பநிலையைப் பாருங்கள்.

சந்திரப் புத்தாண்டையும் கவனிக்க வேண்டும். அது ஜனவரி 21க்கும் பிப்ரவரி 20க்கும் இடையில் வருடத்துக்கு வருடம் மாறும். 2027இல் பிப்ரவரி 6. முதல் இரண்டு மூன்று நாள் சின்னச் சின்னக் கடைகளும் உணவகங்களும் நிறைய மூடியிருக்கும். விழாவைப் பார்க்கவே போகிறீர்கள் என்றால் அது வேறு கதை. முதல்முறை ஊரைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஏற்ற காலம் இல்லை.

வணிகப்பயணி எழுதியது:

ஓட்டல் வாடகைக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. அக்டோபர் நடுவிலும் ஏப்ரல் நடுவிலும் ஹாங்காங்கில் பெரிய வணிகக் கண்காட்சிகள் நடக்கும். அதே சமயத்தில் பக்கத்தில் குவாங்சோவில் கான்டன் கண்காட்சி. உலகம் முழுக்க இருந்து வாங்குபவர்களும் விற்பவர்களும் ஹாங்காங் வழியாகத்தான் போய்வருவார்கள். அந்த வாரங்களில் சுமாரான அறைக்கும் வாடகை எகிறும். மார்ச் கடைசியில் ஓவியக் கண்காட்சி, சில வருடங்களில் ரக்பி போட்டியும் என்று இன்னொரு நெரிசல். நவம்பர் கடைசியில் இருந்து டிசம்பர் நடுவரை ஒப்பிட்டால் அமைதி. கிறிஸ்துமஸ் வாரத்தில் மறுபடி ஏறிவிடும். பயணப்பிரியை சொல்லும் நவம்பர் கடைசி சரியான இடைவெளியில்தான் விழுகிறது.

மலையேறி எழுதியது:

நவம்பருக்காக வானிலையைத் தவிர இன்னொரு காரணமும் சொல்லலாமா? லண்டாவ் தீவில் சன்செட் பீக் என்று ஒரு சிகரம், 869 மீட்டர். அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் முழுக்க அதன் சரிவெல்லாம் நாணல் பூத்து வெள்ளியாக அசையும். அதைப் பார்க்கவே ஊரிலிருந்து ஆயிரக்கணக்கில் ஏறுவார்கள். அம்மாவால் அங்கே ஏற முடியாது, அது கடுமையான ஏற்றம். ஆனால் உங்கள் கணவரும் நீங்களும் ஒரு விடிகாலை போய்வரலாம்.

எல்லோரும் சேர்ந்து நடக்க பீக்கிலேயே லூகார்ட் சாலை இருக்கிறது. சிகரத்தைச் சுற்றிவரும் வழி, மொத்தம் மூன்றரை கிலோமீட்டர் அளவு, பெரும்பாலும் சமதளம். அம்மா முழுச் சுற்று வர வேண்டியதில்லை. ட்ராம் நிலையத்திலிருந்து கொஞ்ச தூரம் போனாலே மரங்கள் விலகித் துறைமுகம் முழுதாகத் தெரியும் இடம் வந்துவிடும். அங்கேயே திரும்பிவிடலாம். பார்வை மேடைக்குக் கட்டணம் கட்டி நெரிசலில் நிற்பதைவிட எனக்கு இதுதான் பிடிக்கும்.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். நவம்பர் கடைசியில் 5.40க்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். கோடையைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால். மதியச் சாப்பாட்டை இழுத்துவிட்டால் மலைப்பாதையில் இருட்டிவிடும். அந்த வறண்ட காலத்தில் புல் சீக்கிரம் பற்றிக்கொள்ளும் என்பதால் காட்டுத்தீ எச்சரிக்கையும் அடிக்கடி போடுவார்கள். மலையில் நெருப்பு விஷயத்தில் மிகக் கவனம் வேண்டும்.

இலைப்பச்சை எழுதியது:

நவம்பரில் சிவந்த இலைகள் கிடைக்குமா? படங்களில் பார்த்தேன்.

மலையேறி எழுதியது:

கிடைக்காது. டாய் டோங் பக்கத்து மரங்கள் சிவக்க டிசம்பர் கடைசி, ஜனவரி ஆகும். குளிர் இறங்கிய பிறகுதான் நிறம் மாறும்.

புகைப்படக்காரன் எழுதியது:

நவம்பரை நான் குறை சொல்லவில்லை. இந்தக் குடும்பத்துக்கு அதுதான் பொருந்தும் என்பதை ஏற்கிறேன். ஆனால் ஒரு ஊருக்கு ஒரே ஒரு நல்ல பருவம்தான் உண்டு என்று இழை போகிறதே என்றுதான் பேசினேன். மே மாதத்தில் சியுங் சாவ் தீவில் நடக்கும் ரொட்டிக் கோபுர விழாவைப் பார்க்க ஆசைப்படுகிறவருக்கு நவம்பர் எதற்கு? சந்திர மாதக் கணக்கில் நான்காம் மாதம் எட்டாம் நாளை ஒட்டி அது நடக்கும். ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள் டிராகன் படகுப் போட்டி, பெரும்பாலும் ஜூனில் வரும். நிலா விழாவுக்கு டாய் ஹாங்கில் ஊதுவத்தி செருகிய நெருப்பு டிராகனைத் தூக்கிக்கொண்டு சந்து சந்தாக ஆடிவருவார்கள், அது செப்டம்பர் அல்லது அக்டோபர். இவை எல்லாம் புழுக்கத்திலும் மழையிலும்தான் வருகின்றன. பார்க்க நினைப்பது எது என்று முதலில் முடிவு செய்தால் மாதம் தானாக அமையும்.

கடலோரக்காரி எழுதியது:

இதில் எனக்கும் முழு உடன்பாடு. பயணப்பிரியையின் பட்டியலில் இருப்பது எல்லாம் திறந்த வெளி: மலை, கேபிள் கார், தீவு, பூங்கா. அதனால் நவம்பர். பட்டியலில் அருங்காட்சியகமும் கடைவீதியும் சாப்பாடும் மட்டும் இருந்திருந்தால் ஜூலையில் போ என்றுகூடச் சொல்லியிருப்பேன். சென்ட்ரல் பகுதியில் கட்டடத்துக்குக் கட்டடம் கூரை போட்ட நடைமேம்பாலம் இருக்கிறது. மேட்டுப் பகுதிக்குப் போகும் 800 மீட்டர் நகரும் படிக்கட்டுக்கும் கூரை உண்டு. கொட்டும் மழையில் குடை விரிக்காமலேயே பாதி ஊரைச் சுற்றலாம்.

சின்னத் தீவுக்கு சியுங் சாவையோ லாம்மாவையோ வையுங்கள். இரண்டுக்கும் சென்ட்ரலிலிருந்து ஃபெர்ரி. சியுங் சாவில் படகுத்துறையை ஒட்டிய பகுதி சமதளம், மோட்டார் வண்டி நெரிசல் கிடையாது, அம்மா நிம்மதியாக நடப்பார்.

பயணப்பிரியை எழுதியது:

நவம்பர் கடைசி என்று முடிவு செய்துவிட்டோம். மகனின் பள்ளியில் பேசிவிட்டேன், அனுமதி கொடுத்துவிட்டார்கள்.

இரண்டு கேள்வி பாக்கி. குளிர் எவ்வளவு இருக்கும், பெற்றோருக்கு என்ன துணி எடுப்பது? புகைப்படக்காரன் சொன்ன அந்தப் புகைமூட்டம் அப்பாவுக்கு ஒத்துக்கொள்ளுமா? அதை நினைத்தால்தான் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

கவுலூன்வாசி எழுதியது:

நவம்பர் கடைசியில் பகலில் 23, 24, இரவில் 19, 20 என்று இருக்கும். பகலில் சாதாரண உடை போதும். ஆனால் வடக்கிலிருந்து குளிர் அலை இறங்கினால் ஒரே நாளில் எட்டு, பத்து டிகிரி சரியும். ஆளுக்கு ஒரு ஸ்வெட்டரும் காற்றைத் தடுக்கும் மெல்லிய ஜாக்கெட்டும் கட்டாயம். இங்கே வீடுகளில் அறையைச் சூடாக்கும் ஏற்பாடு பெரும்பாலும் கிடையாது. 2016 ஜனவரி 24 அன்று ஆய்வகத்தில் 3.1 டிகிரி வரை இறங்கியது, 1957க்குப் பிறகு அவ்வளவு குறைந்ததில்லை. டாய் மோ ஷான் மலையில் உறைபனியைப் பார்க்கப் போனவர்கள் இறங்க முடியாமல் மாட்டிக்கொண்டார்கள். நவம்பரில் அந்த அளவுக்குப் போகாது. ஆனால் ஓட்டல் அறையில் வெப்பக்காற்று இயந்திரமோ ஹீட்டரோ உண்டா என்று பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். வெளியில் குளிராக இருந்தாலும் கடைக்குள்ளும் பேருந்துக்குள்ளும் ஏசி போட்டுத்தான் இருப்பார்கள். அம்மாவுக்கு ஒரு சால்வை எப்போதும் கைப்பையில் இருக்கட்டும்.

கேபிள் கார் பராமரிப்புக்காகச் சில நாட்கள் மூடப்படும், தேதிகளை அவர்களே முன்கூட்டி அறிவிப்பார்கள். டிக்கெட் வாங்கும் முன் பாருங்கள். காற்றினால் நின்றுபோனால், கேபிள் கார் கிளம்பும் துங் சுங்கிலிருந்தே 23ஆம் எண் பேருந்து நொங் பிங்குக்குப் போகிறது. அதனால் அந்த நாள் வீணாகாது. புத்தர் சிலையையும் பீக்கையும் பயணத்தின் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். ஆய்வகம் ஒன்பது நாளுக்கு முன்கணிப்பு வெளியிடுகிறது, அதைப் பார்த்துத் தெளிவான முதல் இரண்டு நாட்களை மலைக்கு ஒதுக்குங்கள். டிஸ்னிலேண்டை மேகமூட்டமான நாளுக்கு நகர்த்தலாம்.

மூச்சுக்காற்று எழுதியது:

அப்பாவைப் பற்றிய கேள்விக்கு நான் சொல்கிறேன், எனக்கும் ஆஸ்துமா உண்டு, அந்த ஊரில் குளிர்காலத்தைக் கழித்தவன்.

ஹாங்காங் அரசு 2013 டிசம்பர் கடைசியிலிருந்து காற்றின் தரத்தை உடல்நலத்தோடு சேர்த்து ஒரு எண்ணாகச் சொல்கிறது. 1 முதல் 10 வரை, அதற்கும் மேலே 10+. மணிக்கு மணி மாறும், கைபேசியில் பார்க்கலாம். மூச்சுத் தொந்தரவு இருப்பவர்கள் 7 வந்தாலே வெளியில் கடினமாக உழைப்பதைக் குறைத்துக்கொள்ள வேண்டும். அதில் நிலையங்கள் இரண்டு வகை: பொது நிலையம், சாலையோர நிலையம். சாலையோர நிலையங்கள் காஸ்வே பே, சென்ட்ரல், மோங் கோக் மூன்று இடத்திலும் இருக்கின்றன. ஊர் முழுக்க 4 என்று காட்டும்போதே அந்தச் சாலையோரங்களில் அதைவிடக் கூடுதலாக இருக்கும். இரண்டு பக்கமும் உயர்ந்த கட்டடம், நடுவில் குறுகலான தெரு, பேருந்துப் புகை போக வழியில்லை.

ஆகவே அப்பாவுக்குப் பருவத்தைவிடத் தெருதான் முக்கியம். அந்த நெரிசல் பகுதிகளில் ஓட்டல் எடுக்காதீர்கள். கடலை ஒட்டியோ லண்டாவ் பக்கம் துங் சுங்கிலோ எடுத்தால் கேபிள் காருக்கும் டிஸ்னிலேண்டுக்கும் பக்கம். மோங் கோக் கடைவீதிக்குப் போகும் நாளில் காலையிலேயே எண்ணைப் பாருங்கள், மாலை நெரிசல் நேரத்தைத் தவிருங்கள். அப்பாவின் இன்ஹேலர் இரண்டு எடுத்து, ஒன்று அவரிடமும் ஒன்று உங்களிடமும் இருக்கட்டும். மருத்துவர் சீட்டையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். வறண்ட காற்று தொண்டையைக் காய வைக்கும், தண்ணீர் பாட்டில் கையில் இருக்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு நவம்பரா என்று கேட்டால், ஆம், நவம்பர்தான். புகைமூட்டம் சில நாட்களில் வரும், காற்று மாறினால் கலையும். மார்ச்சின் பூஞ்சையும் ஈரமும் அறைக்குள்ளேயே கூட வந்து தங்கிவிடும்.

பயணப்பிரியை எழுதியது:

துங் சுங்கில் ஓட்டல் பார்க்கத் தொடங்கிவிட்டேன். இன்ஹேலர் யோசனைக்கு ரொம்ப நன்றி, அப்பாவிடம் இன்றே சொல்கிறேன்.

புதுவரவு எழுதியது:

இழையை முழுதும் படித்தேன். எனக்கு ஜூலை கடைசியில்தான் லீவு, வேறு மாதமே இல்லை. போகலாமா, வேண்டாமா?

கடலோரக்காரி எழுதியது:

போகலாம். விமானம் திரும்பும் நாளுக்கும் வேலைக்குச் சேரும் நாளுக்கும் நடுவே இரண்டு நாள் இடைவெளி வைத்துக்கொள்ளுங்கள். தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாக எடுங்கள். பயணக் காப்பீட்டை டிக்கெட் எடுத்த அன்றே வாங்கிவிடுங்கள், புயல் கிளம்பிய செய்தி வந்த பிறகு வாங்கினால் அந்தப் புயலுக்குப் பொதுவாக ஈடு கிடைக்காது. வெளியில் சுற்றுவதைக் காலை பத்து மணிக்குள் முடித்துவிட்டு, நடுப்பகலை உள்ளே கழித்து, மாலையில் மறுபடி கிளம்புங்கள். தீவுக்குப் போகும் நாளில் கூண்டு எண் என்ன என்று பார்த்துவிட்டு ஏறுங்கள்.

புகைப்படக்காரன் எழுதியது:

மழை விட்டதும் ஓட்டலில் உட்கார்ந்திருக்காமல் சென்ட்ரலிலிருந்து 15ஆம் எண் பேருந்தைப் பிடித்து பீக்குக்கு ஏறுங்கள். மேல்தளத்தில் முன் இருக்கை கிடைத்தால் விடாதீர்கள்.